மணலில் தங்காத பொட்டாஷ்: முலாம்பழக் கொடிக்குச் சாம்பல் சத்து எவ்வளவு, எப்போது?

மாங்காயைப் பறித்து வைக்கோலில் மூடி வைத்தால் பழுக்கும், இனிப்பும் ஏறும். வாழைத்தாரும் அப்படித்தான். காய்க்குள் சேர்ந்திருக்கும் மாவுச்சத்து, பறித்த பிறகும் சர்க்கரையாக மாறிக்கொண்டே இருக்கிறது. முலாம்பழத்துக்கும் தர்பூசணிக்கும் அந்தக் கையிருப்பு கிடையாது. கொடியிலிருந்து பிரியும்போது பழத்தில் எவ்வளவு சர்க்கரை இருந்ததோ அவ்வளவுதான். அதற்குப் பிறகு மணம் கூடலாம், சதை இளகலாம், இனிப்பு கூடாது.

ஆகவே இந்தப் பயிருக்கு என்ன உரம், எவ்வளவு என்று பேசத் தொடங்கினால், பேச்சு பறிப்புக்கு முந்தைய இரண்டு மூன்று வாரங்களில்தான் வந்து நிற்கும். அந்த நாட்களில் இலை எவ்வளவு சர்க்கரை செய்கிறது, செய்ததில் எவ்வளவு பழத்துக்குப் போய்ச் சேர்கிறது என்பதே கேள்வி. இரண்டு வேலைக்கும் பொட்டாசியம் வேண்டும். மணல் நிலத்தில், அடியுரமாக இட்ட பொட்டாஷ் வேருக்கு எட்டாமல் போய்விடுவதும் அதே நாட்களில்தான். இந்த முரண்பாட்டைத் தீர்ப்பது எப்படி என்று பல நாடுகளில் ஆராய்ந்திருக்கிறார்கள். நம் பரிந்துரைகளும் இதைத் தொட்டிருக்கின்றன, ஆனால் போதிய அளவுக்கு இல்லை என்பது என் கருத்து.

முலாம்பழக் குடும்பத்துக்கும் மணலுக்கும் உள்ள உறவு பழையது. ராஜஸ்தானில் டோங்க் நகரை ஒட்டிய பனாஸ் ஆற்றிலும், யமுனை, கங்கைப் படுகைகளிலும், வெள்ளம் வடிந்த பிறகு மணலில் குழியும் பள்ளமும் வெட்டி, தொழுவுரமும் பிண்ணாக்கும் நிரப்பி முலாம்பழமும் தர்பூசணியும் வைப்பார்கள். ஆழத்தில் இருக்கும் ஈரத்தை வேர் தேடிப் போய்விடும். பிரேசிலின் வடகிழக்கில் மொசோரோ வட்டாரமும், இஸ்ரேலின் அரவா பள்ளத்தாக்கும், அமெரிக்காவின் ஃபுளோரிடாவும் மணற்பாங்கான நிலத்தில் இந்தப் பயிரை நம்பியிருப்பவை. நம் பக்கம் மரக்காணம், செய்யூர் கடலோரமும் திண்டிவனம் சுற்றுப்புறமும் இருக்கின்றன. மார்கழி, தையில் விதைத்து, பங்குனி, சித்திரையில் கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரமெல்லாம் குவித்து வைக்கிறார்கள். மணல் சீக்கிரம் சூடேறும், தண்ணீர் தேங்காது, காய் அழுகாது, அறுவடை முந்தி வரும். இத்தனை நன்மைக்கும் மணல் ஒரு விலை கேட்கிறது. அது உரத்தைப் பிடித்து வைக்காது.

பொட்டாசியம் செடியின் உடலில் எந்தப் பொருளோடும் நிரந்தரமாகச் சேர்வதில்லை. தழைச்சத்து புரதமாகிறது, மணிச்சத்து உயிரணுவின் சவ்வுக்குள் போகிறது. பொட்டாசியமோ கரைந்த அயனியாகவே சாற்றில் ஓடிக்கொண்டிருக்கிறது. அறுபதுக்கும் மேற்பட்ட நொதிகள் இயங்க அது வேண்டும். இலைத்துளை திறப்பதும் மூடுவதும் அதன் கையில். இங்கே நமக்கு முக்கியமான வேலை, சர்க்கரையை இலையிலிருந்து பழத்துக்கு அனுப்புவது. பூசணிக் குடும்பக் கொடிகள் சர்க்கரையைச் சுக்ரோஸாக மட்டும் அனுப்புவதில்லை. ஸ்டாக்கியோஸ், ராஃபினோஸ் என்ற பெரிய சர்க்கரைகளாகவும் கட்டி அனுப்புகின்றன. பழத்துக்குப் போனதும் அவை உடைந்து, முலாம்பழத்தில் கடைசியில் சுக்ரோஸாகச் சேர்கின்றன. இந்தச் சேர்க்கை படிப்படியாக நடப்பதில்லை. காய் ஏறக்குறைய முழு அளவுக்கு வந்த பிறகு, தோலில் வலை கட்டி முடிகிற சமயத்தில், சில நாட்களுக்குள் வேகமெடுக்கிறது. அப்போது பொட்டாசியம் குறைந்தால் இலையில் செய்த சர்க்கரை இலையிலேயே தேங்கும். தேங்கினால் இலை மேற்கொண்டு செய்வதையும் குறைத்துக்கொள்ளும்.

இனி மண்ணுக்கு வருவோம். நிலத்தில் உள்ள பொட்டாசியத்தில் 90 விழுக்காட்டுக்கும் மேல் ஃபெல்ட்ஸ்பார், அப்ரகம் போன்ற கனிமங்களுக்குள் பூட்டிக் கிடக்கிறது. பயிருக்கு உடனே கிடைப்பது மண்ணீரில் கரைந்திருப்பதும், களிமண் துகள், மக்கு ஆகியவற்றின் மேற்பரப்பில் ஒட்டியிருப்பதும்தான். இப்படி ஒட்டி வைக்கும் திறனை அயனிப் பரிமாற்றத் திறன் என்கிறோம். கரிசலில் இது 100 கிராம் மண்ணுக்கு 30 மில்லி ஈக்விவலன்ட்டுக்கு மேல் இருக்கும். மணலில் 2 முதல் 5 வரை. அந்தக் கொஞ்ச இடத்துக்கும் கால்சியம், மக்னீசியம், சோடியம், அம்மோனியம் எல்லாம் போட்டி போடும்.

தண்ணீர்க் கணக்கைச் சேர்த்துப் பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். ஓர் அடி ஆழ மணல், பயிருக்காகப் பிடித்து வைப்பது சுமார் 20 முதல் 25 மில்லிமீட்டர் தண்ணீர். வாய்க்காலில் ஒரு தடவை பாய்ச்சினால் 50 மில்லிமீட்டர் போவது சாதாரணம். பாதித் தண்ணீர் வேரைத் தாண்டி இறங்குகிறது. இறங்கும்போது ஒட்டாமல் கரைந்திருக்கும் பொட்டாசியத்தையும் இழுத்துக்கொண்டு போகிறது. விதைக்கும் அன்று குழியில் இட்ட பொட்டாஷ், கொடி ஓடி, பூத்து, பிஞ்சு பிடித்து, காய் பெருக்கும் அறுபதாவது நாளில் எவ்வளவு மிச்சமிருக்கும்? ஒவ்வொரு பாசனத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுபோன பின் பெரிதாக எதுவும் இருக்காது.

பயிர் எவ்வளவு எடுக்கிறது என்று கணக்குப் போடலாம். முலாம்பழச் சதையில் 100 கிராமுக்கு 267 மில்லிகிராம் பொட்டாசியம் இருப்பதாக அமெரிக்க உணவுச் சத்து அட்டவணை தருகிறது. தர்பூசணியில் 112 மில்லிகிராம். ஏக்கருக்கு 10 டன் முலாம்பழம் வண்டியேறினால், அதன் சதையின் வழியாக ஏறக்குறைய 27 கிலோ பொட்டாசியம் வயலை விட்டுப் போகிறது. உர மூட்டையில் அச்சடிக்கும் பொட்டாஷ் கணக்கில் சொன்னால் இது 32 கிலோ. சிவப்புப் பொட்டாஷ் எனப்படும் மியூரியேட்டில் 60 விழுக்காடு பொட்டாஷ் இருப்பதால், 50 கிலோ மூட்டை ஒன்றுக்குச் சற்று மேல். 20 டன் தர்பூசணி என்றால் 27 கிலோ பொட்டாஷ். தோலும் கொடியும் வாங்கிக்கொள்வது தனி. முலாம்பழம் தர்பூசணியைவிட டன்னுக்கு இரண்டு மடங்குக்கும் மேல் பொட்டாசியம் எடுக்கிறது என்பதை இரண்டையும் மாற்றி மாற்றிப் போடுகிறவர்கள் கவனிக்க வேண்டும்.

நம் பரிந்துரை என்ன சொல்கிறது? தர்பூசணிக்கு ஹெக்டேருக்கு 20 டன் தொழுவுரம், மணிச்சத்தும் சாம்பல் சத்தும் தலா 55 கிலோ அடியுரமாக, தழைச்சத்து 55 கிலோ விதைத்த 30 ஆம் நாள் மேலுரமாக. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வீரிய ஒட்டு ரகங்களுக்குச் சொட்டுநீர் வழியாகத் தரச் சொல்வது ஹெக்டேருக்குத் தழை, மணி, சாம்பல் சத்து முறையே 200:100:100 கிலோ. முதல் பரிந்துரையைத்தான் இன்னும் பல வயல்களில் பின்பற்றுகிறார்கள். அதில் சாம்பல் சத்து ஏக்கருக்கு 22 கிலோதான். மேலே போட்ட கணக்கின்படி பழத்தோடு போவதற்கே இது காணாது. அப்படியென்றால் பரிந்துரை தவறா? இல்லை. அதில் முதலாவதாக எழுதியிருக்கும் தொழுவுரத்தை நாம்தான் விட்டுவிட்டோம்.

நல்ல தொழுவுரத்தில் அரை விழுக்காடு அளவுக்குச் சாம்பல் சத்து இருக்கும். 20 டன் இட்டால் ஹெக்டேருக்கு 100 கிலோ. மூட்டையில் வாங்கும் 55 கிலோவைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு! இரண்டும் சேர்ந்த 155 கிலோவை மனத்தில் வைத்து எழுதிய பரிந்துரையில், தொழுவுரத்தைக் கைவிட்டு மூட்டை உரத்தை மட்டும் போடுகிறவர் உண்மையில் மூன்றில் ஒரு பங்குதான் கொடுக்கிறார். பிறகு பழம் சப்பென்று இருக்கிறது என்று விதை நிறுவனத்தைக் குறை சொல்கிறோம். மாடு குறைந்துபோன ஊரில் ஏக்கருக்கு எட்டு டன் எருவுக்கு எங்கே போவது என்று விவசாயி கேட்பது நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லாத பரிந்துரை பாதிப் பரிந்துரைதான்.

தொழுவுரத்தின் தரமும் ஒன்றல்ல. மாட்டின் வழியாக வெளியேறும் பொட்டாசியத்தில் பெரும்பகுதி சாணத்தில் இல்லை, மூத்திரத்தில் இருக்கிறது. தொழுவத்தில் மண்ணோ சருகோ பரப்பி மூத்திரத்தை ஊறவிட்டு எடுத்த எருவுக்கும், சிமெண்டுத் தரையைக் கழுவிச் சாக்கடையில் விட்டுவிட்டுச் சாணத்தை மட்டும் குவித்த எருவுக்கும் பொட்டாசியத்தில் பெரிய வித்தியாசம் இருக்கும். குப்பையில் உள்ள பொட்டாசியம் தண்ணீரில் கரைவது. மேலே கூரையில்லாத குழியில் ஐப்பசி, கார்த்திகை மழை முழுவதும் நனைந்த எருவில் அது பாதியும் மிஞ்சாமல் போகலாம். ஆட்டுக்கிடை போட்ட நிலத்தில் பயிர் ஏன் நன்றாக வருகிறது என்பதற்கும் இதுதான் விளக்கம். புழுக்கையும் மூத்திரமும் நேரே மண்ணுக்குள் போகின்றன, நடுவில் இழப்பில்லை. மணலில் எருவுக்கு இன்னொரு பயனும் உண்டு. சத்தை ஒட்டி வைக்கும் இடம் மணலில் இல்லை என்றோமே, அந்த இடத்தை மக்கு உருவாக்குகிறது. மூட்டை உரம் எவ்வளவு கொட்டினாலும் அதைச் செய்ய முடியாது.

எவ்வளவு என்பதைவிட எப்போது என்பதுதான் மணலில் பெரிய கேள்வி. முதல் 25 நாட்களில் கொடி எடுக்கும் சத்து மிகக் குறைவு. பூவெடுத்து, பிஞ்சு பிடித்ததும் தேவை மளமளவென்று ஏறுகிறது. காய் பெருக்கும்போது உச்சத்துக்குப் போகிறது. முழுப் பொட்டாஷையும் அடியுரமாக இடும் முறை, களிமண்ணில் பிழையல்ல. அங்கே மண் வாங்கி வைத்துத் திருப்பித் தரும். மணலில் அது ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றி வைத்து மாலையில் குடிக்க வருவதைப் போன்றது. சொட்டுநீர் இருக்கிறவர்கள் ஏக்கருக்கு 40 கிலோ பொட்டாஷைப் பிரிப்பதாக இருந்தால், முதல் மூன்று வாரத்தில் பத்தில் ஒரு பங்கு, பிஞ்சு பிடிக்கும் வரை மூன்று பங்கு, காய் பெருக்கும் காலத்தில் ஐந்து பங்கு, பறிப்புக்கு ஒரு வாரம் முன்பு வரை மீதி ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம் என்பது என் கணிப்பு. வாரம் இரு தடவை விடுவது ஒரே தடவை விடுவதைவிட மணலுக்கு ஏற்றது. உரத்தை உறிஞ்சிக் குழாயில் கலக்கும் வெஞ்சுரியில் உரம் போய் முடிந்த பிறகு மணிக்கணக்கில் வெறும் தண்ணீரை ஓடவிட்டால் விட்ட உரத்தை நாமே கீழே தள்ளுகிறோம். குழாய் கழுவும் அளவுக்கு ஓடினால் போதும். சொட்டுநீர் இல்லாதவர்கள் அடியுரத்தில் கால் பங்கை மட்டும் இட்டு, மீதியைக் கொடி ஓடும்போதும், பிஞ்சு பிடித்ததும், அதற்கு இரண்டு வாரம் கழித்தும் கொடிக்குச் சற்றுத் தள்ளி மண்ணில் இட்டு மூடலாம். கொடி படர்ந்த பிறகு உள்ளே இறங்கி உரமிடுவது கூலிக்காரர்களுக்குச் சிரமமான வேலைதான், பிஞ்சு மிதிபடவும் கூடும். இருந்தாலும் மூன்றாவது தவணையை விட்டுவிடக் கூடாது.

இலைவழித் தெளிப்பு பற்றி விவசாயிகள் அதிகம் கேட்கிறார்கள். இதில் நன்றாக ஆராய்ந்து எழுதியவர்கள் டெக்சாஸ் மாநிலத்தின் தென்முனையில், வெஸ்லாகோவில் பணியாற்றிய ஜீன் லெஸ்டர், ஜான் ஜிஃபான் ஆகியோரின் குழுவினர். 2005 தொடங்கிச் சில ஆண்டுகளில் வெளியான அவர்களுடைய கட்டுரைகள் வலைத்தோல் முலாம்பழத்தை எடுத்துக்கொண்டவை. பிஞ்சு பிடித்ததிலிருந்து பறிப்புக்குச் சில நாள் முன்பு வரை பொட்டாசியக் கரைசலை வாரந்தோறும் தெளித்தார்கள். பழத்தில் சர்க்கரை கூடியது, சதை உறுதியானது, வைட்டமின் சி, பீட்டா கரோட்டின் இரண்டும் உயர்ந்தன. எடை பெரிதாகக் கூடவில்லை, தரம் கூடியது. அவர்களுடைய நிலம் மணல் அல்ல, சுண்ணாம்புச் சத்து மிகுந்த மண். மண் பரிசோதனையில் பொட்டாசியம் தாராளமாக இருந்தது. அங்கேயே தெளிப்பு பலித்ததற்கு அவர்கள் சொல்லும் காரணம் கவனிக்கத்தக்கது. காய் வேகமாகப் பெருக்கும்போது இலை செய்யும் சர்க்கரையெல்லாம் காய்க்கே போகிறது. வேருக்குப் போய்ச் சேர்வது குறைகிறது. பட்டினியில் உள்ள வேர், மண்ணில் இருக்கும் பொட்டாசியத்தையும் போதிய வேகத்தில் எடுப்பதில்லை. நிறைந்த மண்ணிலேயே இப்படியென்றால், மண்ணிலும் இல்லாத மணல் வயலில் தெளிப்பின் தேவை குறைவாக இருக்க வழியில்லை.

அதே ஆய்வில் நம் கடைகளுக்கு நேரடியாகப் பொருந்தும் செய்தி ஒன்று இருக்கிறது. பொட்டாசியம் குளோரைடு, சல்பேட், தயோசல்பேட், மோனோ பொட்டாசியம் பாஸ்பேட் என்று பல வடிவங்களை ஒப்பிட்டபோது, பொட்டாசியம் நைட்ரேட்தான் பலன் குறைவாகக் காட்டியது. கடைசிக் கட்டத்தில் அதோடு சேர்ந்து போகும் தழைச்சத்து கொடியை மறுபடி தழைக்கத் தூண்டியிருக்கலாம் என்பது விளக்கம். நம்மிடம் 13-0-45 என்று விற்கும் பை அதுதான். பிஞ்சு பிடிக்கும் வரை அது நல்ல உரம். காய் முற்றும் கட்டத்தில் 0-0-50, அதாவது சல்பேட்தான் சரி. 13-0-45 விலை கூடினது, ஆகவே பலனும் கூடும் என்று அறுபதாம் நாளில் அதைத் தெளிப்பவர்கள் காசையும் இனிப்பையும் சேர்த்தே இழக்கிறார்கள். தெளிப்பால் பயிரின் முழுத் தேவையையும் கொடுத்துவிட முடியாது என்பதையும் சொல்லியாக வேண்டும். லிட்டருக்கு 5 கிராம் வீதம் ஏக்கருக்கு 200 லிட்டர் அடித்தால் இலைக்குப் போவது ஒரு கிலோ உரம், அதில் பொட்டாஷ் அரைக் கிலோ. ஐந்து தடவை அடித்தாலும் இரண்டரைக் கிலோதான். வேர் வழியாக 40 கிலோ போக வேண்டிய இடத்தில் இது துணை மட்டுமே.

எந்தப் பொட்டாஷ் என்பதில், மியூரியேட்டில் உள்ள குளோரைடைப் பற்றிய பயம் அளவுக்கு மீறி இருக்கிறது. நல்ல தண்ணீர் உள்ள கிணற்றுப் பாசனத்தில், தவணை பிரித்துத் தரும் மியூரியேட் கொடியைக் கெடுத்துவிடாது. ஆனால் கடலோர மணலில் போர் தண்ணீரே உப்புக் கரிக்கும் இடங்களில் கதை வேறு. உப்புக் குறியீட்டில் மியூரியேட் 116, பொட்டாசியம் நைட்ரேட் 74, சல்பேட் 46. இளங்கொடி உப்பைத் தாங்காது. அங்கே கூடுதல் விலை கொடுத்தாவது சல்பேட்டைத்தான் வாங்க வேண்டும். கூடவே 17 விழுக்காடு கந்தகம் கிடைக்கிறது, மணலில் அதுவும் குறைவுதான். சொட்டுநீரில் சிவப்புப் பொட்டாஷ் போடவே கூடாது, அதிலுள்ள இரும்புக் கசடு சொட்டுவாயை அடைத்துவிடும். சல்பேட்டையும் கால்சியம் நைட்ரேட்டையும் ஒரே தொட்டியில் கலந்தால் ஜிப்சம் படியும், வெவ்வேறு நாளில் விட வேண்டும்.

கூடுதலாகப் போட்டால் கூடுதலாக இனிக்குமா? இனிக்காது. பொட்டாசியம் மிகுந்தால் வேர், கால்சியத்தையும் மக்னீசியத்தையும் எடுப்பதைக் குறைத்துக்கொள்ளும். தர்பூசணியின் நுனி அழுகிக் கறுப்பதற்குக் கால்சியக் குறைவு ஒரு முக்கியக் காரணம். மணலில் கால்சியமும் குறைவாகவே இருப்பதால், பொட்டாஷை அள்ளிக் கொட்டினால் இந்தத் தொல்லை சீக்கிரம் வரும். ஃபுளோரிடாவின் மணலில் தர்பூசணிக்குப் பரிந்துரை எழுதும் அந்த மாநிலப் பல்கலைக்கழகம், மண் பரிசோதனையில் பொட்டாசியம் உயர் நிலையில் இருந்தால் மேற்கொண்டு இட வேண்டியதில்லை என்றே சொல்கிறது. நம் நாட்டில் ஹெக்டேருக்கு 118 கிலோவுக்குக் கீழ் இருந்தால் குறைவு, 280 வரை நடுத்தரம், அதற்கு மேல் அதிகம் என்று வகுத்திருக்கிறார்கள். கடலோர மணல் பெரும்பாலும் முதல் வகையில்தான் விழும். இருந்தாலும் பார்க்காமல் போடக் கூடாது. போர் தண்ணீரிலேயே பொட்டாசியம் கணிசமாக இருக்கும் இடங்களும் உண்டு.

பொட்டாஷ் பாக்டீரியா என்று ஃபிராட்டூரியா கலந்த உயிர் உரம் விற்கிறது. கனிமத்தில் பூட்டிய பொட்டாசியத்தை விடுவிப்பது அதன் வேலை. செம்மண்ணிலும் வண்டலிலும் அதற்கு வேலை இருக்கிறது. வெள்ளைக் கடல் மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ், அதாவது சிலிகா. அதற்குள் பொட்டாசியமே இல்லை. இல்லாததை எந்த பாக்டீரியாவாலும் விடுவிக்க முடியாது. மணல்காரர்கள் அந்தப் பணத்தை எருவுக்குச் செலவழிப்பது மேல்.

செலவைக் குறைக்க நம்பத்தக்க வேறொரு வழி இருக்கிறது. இந்தியாவில் மியூரியேட் எடுக்கும் சுரங்கம் இல்லை. கனடா, ரஷ்யா, பெலாரஸ், ஜோர்டான், இஸ்ரேல் என்று வெளியிலிருந்துதான் வருகிறது. 2022 இல் மூட்டை 1,700 ரூபாய்க்குப் போனபோது பல விவசாயிகள் பொட்டாஷையே நிறுத்தினார்கள். சர்க்கரை ஆலைகளின் எரிசாராயக் கழிவை எரித்த சாம்பலிலிருந்து எடுக்கும் பொட்டாஷ் உரம், 14.5 விழுக்காடு சத்தோடு, 2021 இல் மத்திய அரசின் மானியத் திட்டத்துக்குள் வந்தது. கரும்பு ஆலைகள் உள்ள விழுப்புரம், கடலூர்ப் பக்கம் தர்பூசணிக்காரர்களுக்கு இது அருகிலேயே கிடைக்க வேண்டிய பொருள். அடியுரத் தவணைக்கு இதையும், மேலுரத்துக்குச் சல்பேட்டையும் வைத்துக்கொண்டால் செலவு குறையும்.

வயலில் குறையைக் கண்டுபிடிக்க, கொடியின் நுனியைப் பார்க்கக் கூடாது, அடியைப் பார்க்க வேண்டும். பொட்டாசியம் போதாதபோது செடி அதை முதிர்ந்த இலையிலிருந்து எடுத்து இளம் இலைக்கும் காய்க்கும் அனுப்பிவிடும். அதனால் அடியில் உள்ள பழைய இலையின் ஓரம் முதலில் வெளிறி, மஞ்சளாகி, பிறகு நெருப்பில் காட்டியது போலத் தீய்ந்து உள்நோக்கிச் சுருளும். நடு நரம்பை ஒட்டிய பகுதி மட்டும் பச்சையாக நிற்கும். ஓரத்தைத் தேய்த்தால் நொறுங்கும். இலைக்கருகல் நோயில் புள்ளி புள்ளியாக, ஓரம் நடு என்ற பேதமில்லாமல் வரும், இது ஓரத்தில் மட்டும் ஒரே சீராக வரும். பூஞ்சாண மருந்து அடிக்கும் முன் இதைப் பிரித்துப் பார்த்தால் ஒரு தெளிப்புச் செலவு மிச்சம். ஆனால் இந்தக் கருகல் கண்ணில் படும் நாளில், அந்தக் காய்க்குப் போக வேண்டிய சர்க்கரையில் ஒரு பகுதி ஏற்கெனவே போகாமல் நின்றிருக்கும். அறிகுறியைப் பார்த்து உரமிடுவது இந்தப் பயிருக்குக் காலங்கடந்த வைத்தியம்.

இனிப்புக்குப் பொட்டாசியம் மட்டுமே காரணம் என்று யாரும் நினைக்க வேண்டாம். சாம்பல் நோயில் இலை போனால் எந்த உரமும் காப்பாற்றாது. கொடிக்குத் தாங்காத எண்ணிக்கையில் காய் விட்டாலும், முற்றும் வாரத்தில் தண்ணீரை அள்ளி விட்டாலும் சப்பென்றுதான் இருக்கும். அமெரிக்கத் தரக் குறிப்பில் முலாம்பழச் சாற்றின் இனிப்பளவு 9 பிரிக்ஸ் இருந்தால் நல்லது, 11 இருந்தால் மிக நல்லது. அதை அளக்கும் கைக்கருவி இன்று அதிக விலையில்லை. ஊருக்கு ஒன்று இருந்தால் எந்த வயலில் எந்தத் தவணை பலித்தது என்று பேச்சில் அல்லாமல் எண்ணில் தெரிந்துவிடும். 2025 கோடையில் தர்பூசணிக்குச் சாயம் ஏற்றுகிறார்கள் என்ற பேச்சு பரவி, நேர்மையாக விளைவித்தவர்களின் பழமும் விலைபோகாமல் கிடந்தது. இப்படி அளந்து எழுதி விற்கிற பழக்கம் இருந்திருந்தால் அவர்களுக்குச் சொல்ல ஒரு பதிலாவது இருந்திருக்கும்.

வேளாண்மைப் பல்கலைக்கழகத்துக்கும் தோட்டக்கலைத் துறைக்கும் வேண்டுகோள் இதுதான். முலாம்பழம், தர்பூசணிக்கு மணல் நிலத்துக்கென்று தனி உர அட்டவணை வெளியிடுங்கள். அதில் எரு கிடைக்காதவருக்கு எவ்வளவு, சொட்டுநீர் இல்லாதவருக்கு எத்தனை தவணை, உப்புத் தண்ணீர்க்காரருக்கு எந்தப் பொட்டாஷ் என்று பிரித்து எழுதுங்கள். மண் பரிசோதனை அட்டையில் சத்தின் அளவோடு மண் மணலா களியா என்பதையும் அச்சிடுங்கள். விவசாயிகள் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. மார்கழி விதைப்புக்கு ஒரு மாதம் முன்பே வயலின் மண்ணையும் போர் தண்ணீரையும் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு, வாங்கி வைத்த பொட்டாஷில் பாதியையாவது பிஞ்சு பிடித்த பிறகு போடுவதற்கென்று எடுத்து வையுங்கள்.